கேட்டியில் புது வீடு: 4 லட்சம் டாலருக்குள் அடங்காத செலவுகள்

ஹூஸ்டன் நகர மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்துள்ள வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மேற்கே கேட்டி புறநகரில், கிராண்ட் பார்க்வே வெளிவட்டச் சாலையைத் தாண்டி, நான்கு படுக்கையறை கொண்ட புது வீடு 4 லட்சம் டாலருக்குக் கிடைக்கிறது. அதே பணத்துக்கு நகருக்குள் இதில் பாதி அளவுள்ள வீடுதான் அமைகிறது. வாரத்தில் நான்கு நாள் அலுவலகம் செல்ல வேண்டும். இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். கேட்டியில் வாங்கிவிடலாமா?"

வாங்கலாம். ஆனால் 4 லட்சம் என்ற தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தூரப் புறநகரில் விலை குறைவாகத் தெரிந்தாலும், மிச்சச் செலவை வரியாகவும் பயண நேரமாகவும் வெள்ள அபாயமாகவும் நீங்களே சுமக்க வேண்டியிருக்கும்.

முதலில் வரி. மாநகராட்சி எல்லைக்கு வெளியே எழும் குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர், வடிகால் வசதிகளைப் பெரும்பாலும் 'முட்' (MUD) எனப்படும், அந்தப் பகுதிக்கென்றே அமைந்த நீர்வசதி அமைப்பு கடன் பத்திரம் வெளியிட்டு ஏற்படுத்துகிறது. அந்தக் கடனை வீட்டுக்காரர்களின் சொத்து வரியில் வசூலிக்கிறது. பங்கு போட்டுக்கொள்ள வீடுகள் குறைவாக உள்ள புதுக் குடியிருப்பில் இந்த வரி அதிகம். பள்ளி, கவுன்டி, முட் எல்லாம் சேர்ந்து 3 சதவீதத்தைத் தொடும் இடங்கள் உண்டு. விலக்குகளைக் கழிக்காமல் கணக்கிட்டால், உங்கள் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 12,000 டாலர், அதாவது கடன் தவணைக்கு மேல் மாதம் 1,000 டாலர். இன்னொன்றையும் கவனியுங்கள். டெக்சாஸில் ஜனவரி 1 அன்று உள்ள நிலையை வைத்தே சொத்து மதிப்பிடப்படுவதால், அன்று வெறும் மனையாக இருந்த இடத்துக்கு அந்த ஆண்டு மிகக் குறைந்த வரியே வரும். அந்தத் தொகையை நம்பித் தவணையைத் திட்டமிட்டு, அடுத்த ஆண்டு எஸ்க்ரோ கணக்கில் (வரிக்கும் காப்பீட்டுக்கும் கடன் நிறுவனம் மாதந்தோறும் பணம் சேர்த்து வைக்கும் கணக்கு) பற்றாக்குறை என்று கடிதம் வந்ததும் திகைத்துப்போகும் குடும்பங்கள் பல.

அடுத்து சாலை. கேட்டியை நகர மையத்தோடு இணைக்கும் கேட்டி ஃப்ரீவேயை ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில், பக்கத்திலிருந்த பழைய ரயில் பாதையையும் பெயர்த்தெடுத்து, 2008-ல் விரிவாக்கி முடித்தார்கள். சர்வீஸ் சாலைகளையும் சேர்த்தால் மிக அகலமான பகுதியில் 26 தடங்கள். இருந்தும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலை நெரிசல் நேரப் பயணம் 55 சதவீதம் நீண்டது. சாலை அகலமானதும் அதற்கு அப்பாலுள்ள நிலம் மனைகளாகி, அங்கு குடியேறியவர்களின் கார்களே அந்தச் சாலையை நிறைத்துவிட்டன. உங்கள் அலுவலகம் நகர மையத்தில் இருப்பது ஒரு நல்வாய்ப்பு. கிராண்ட் பார்க்வே அருகே காரை நிறுத்திவிட்டு ஏறக்கூடிய 'பார்க் அண்ட் ரைட்' பேருந்துகள் அங்கு செல்கின்றன. அலுவலகம் வேறு திசையில் இருந்திருந்தால் இந்த வீடு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தண்ணீர்தான். கேட்டி ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. மழைநீரைத் தாங்கி நிறுத்திய அந்த வயல்களின் மேலும் புல்வெளிகளின் மேலும் இன்று கான்கிரீட் பரவியிருக்கிறது. அங்கு விழும் மழை விரைவாக வழிந்து கிழக்கே பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, நகர மையத்தைக் காக்க ராணுவப் பொறியாளர் படை 1940-களில் கட்டியவை இவை. மழையில்லாத நாளில் உள்ளே நின்று பார்த்தால் நீர்த்தேக்கம் என்றே தோன்றாது; மரங்களும் விளையாட்டுத் திடல்களும்தான் தெரியும். தண்ணீர் உச்ச அளவுக்குத் தேங்கினால் மூழ்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. தனியாரிடம் எஞ்சிய விளிம்பு நிலம் பின்னாளில் குடியிருப்புகளாயிற்று. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது தேங்கிய நீர் அந்த விளிம்பு நிலம் வரை பரவி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது. அவற்றில் பல, வீட்டுக் கடன் வாங்குவோருக்கு வெள்ளக் காப்பீடு பொதுவாகக் கட்டாயமான '100 ஆண்டு வெள்ள' (எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம்) எல்லைக்கு வெளியே இருந்தவை. கேட்டியின் ஒரு பகுதி அடங்கிய ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் சில மனைப்பிரிவு வரைபடங்களில், நீர் தேங்கக்கூடிய இடம் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் வீடு வாங்குகிறவர் அந்த வரைபடத்தைப் பார்ப்பது அரிது. 2019 முதல் பழைய வீட்டை விற்பவர், அது நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்பில் இருந்தால், எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஆகவே அலுவலகத்துக்குச் சற்று அருகே என்று பார்க்கரை ஒட்டி மலிவான பழைய வீடு வந்தால், இரட்டிப்புக் கவனம் தேவை. கிராண்ட் பார்க்வேக்கு மேற்கே வாங்கினாலும் வெள்ளக் காப்பீட்டைக் கடன் முடிவாகும்போதே எடுத்துவிடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டமும் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரைதான் தரும். பின்னர் தனியாக எடுத்தால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மனைப்பிரிவு வரைபடத்தைக் கவுன்டி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அடிக்குறிப்பு உட்பட முழுவதும் படியுங்கள். முட் வரி விகிதத்தையும், அந்த அமைப்பு இன்னும் எவ்வளவு கடன் வாங்க இருக்கிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் பாருங்கள். மாலையில் திரும்பும் வழியில், அருகே பத்தாண்டுக்கு மேல் குடியிருப்பவர் யாரையாவது சந்தித்து, ஹார்வியின்போது தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்று கேளுங்கள்.