அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. தோட்டத்தில் முதலில் பால்மரம் (ரப்பர்) வெட்டி, பிறகு செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டி, சென்ற ஆண்டுதான் வேலையிலிருந்து நின்றார். இப்போது அம்மாவும் அவரும் சுங்கை சிப்புட்டில் என் வீட்டில் இருக்கிறார்கள். ஊழியர் சேமநிதியில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) அவர் பெயரில் 70,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அடுத்த ஆண்டு தம்பிக்குக் கல்யாணம். ஈப்போவில் மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டும், அதற்கு 50,000 வெள்ளியை எடுங்கள் என்று தம்பியும் அம்மாவும் அப்பாவை நெருக்குகிறார்கள். ஒரு காசையும் தொடக்கூடாது என்கிறேன் நான். பல் கட்ட வேண்டும் என்று அப்பா ஒரு வருடமாகச் சொல்கிறார். சோற்றை ரசத்தில் குழையப் பிசைந்துதான் சாப்பிடுகிறார். அதைக்கூடப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் என்னைக் கருமி என்கிறார்கள். சிக்கனமாக இருப்பது தவறா? (வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: சிக்கனமாக இருப்பது தவறில்லை, சகோதரி. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது யாருடைய சிக்கனம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. மண்டபம் வேண்டும் என்பது தம்பியின் விருப்பம்; ஊரார் மெச்ச வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்; காசு அசையாமல் கிடக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பணத்துக்கு உரியவரின் விருப்பம் இவ்வளவு நீளமான கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பல் கட்ட வேண்டும் என்று அவர் கேட்டார், நீங்கள் தடுத்துவிட்டீர்கள். கல்யாணச் செலவை எதிர்ப்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம். பல் விஷயத்தில் இல்லை.

அந்த 70,000 வெள்ளி எப்படிச் சேர்ந்தது என்பதைத் தம்பியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முறையாக நடப்புக்கு வந்தபோது அது மாதம் 900 வெள்ளி. அதில் தொழிலாளியின் பங்கான 11 விழுக்காடு 99 வெள்ளி. முதலாளியின் பங்கான 13 விழுக்காடு 117 வெள்ளி. இரண்டும் சேர்ந்து சேமநிதிக்குப் போனது மாதம் 216 வெள்ளி. அதற்கு முந்திய காலத்தில், மழை பெய்தால் வெட்டு நின்று கூலி குறைந்துபோன மாதங்களில், இன்னும் சொற்பமாகத்தான் போயிருக்கும். இன்றைய 1,700 வெள்ளிச் சம்பளம் 2025-இல்தான் வந்தது. ஆகவே அந்த 50,000 வெள்ளி என்பது, 900 வெள்ளிச் சம்பளக் கணக்கில் பார்த்தால், லாப ஈவைச் சேர்க்காமல், ஏறத்தாழ 19 ஆண்டுச் சந்தா. அதை ஒரே மாலையில் மேடை அலங்காரத்துக்கும் விருந்து மேசைகளுக்கும் ட்ரோன் படப்பிடிப்புக்கும் கொடுத்துவிடலாம் என்று சொல்லும் துணிவு, குலை வெட்டாத கைக்குத்தான் வரும்.

மொய்யில் பாதி திரும்பி வந்துவிடும் என்று தம்பி சொல்லக்கூடும். மொய் வருமானம் அல்ல. இன்று நூறு வெள்ளி வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை நூற்றைம்பது வைக்க வேண்டும். வைக்கப் போகிறவர் சம்பளம் இல்லாத உங்கள் அப்பா.

மிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சேமநிதி வாரியம் 2023-ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு இது மாறும் என்பதால் குறைந்ததையே வைத்துக்கொள்வோம். 70,000 வெள்ளிக்கு 5.50 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 3,850 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 320 வெள்ளி. முதலைத் தொடாமலே இவ்வளவு வரும். 50,000 வெள்ளியை எடுத்துவிட்டால் மீதி 20,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 1,100 வெள்ளி. மாதம் 92 வெள்ளிகூட முழுதாக வராது. மாதம் 320 வெள்ளி கையில் உள்ள அப்பா மருந்துக்கும் கோயிலுக்கும் பேரப்பிள்ளைக்கு வாங்கும் மிட்டாய்க்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 92 வெள்ளி உள்ள அப்பா உங்களிடம் கேட்டாக வேண்டும்.

இனி உங்களுக்கு. தோட்டத்து மக்கள் காசை இறுக்கிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. குடியிருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறி ஆள்குறைப்பு செய்தாலும், 1980-ஆம் ஆண்டு வேலைச் சட்ட விதிமுறைகளின்படி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் என்ற கணக்கில்தான் ஈட்டுத்தொகை. 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, உங்கள் ஊர்க்காரரும் அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அந்தப் பத்து வெள்ளி அவர்களுக்குப் பெரிய காசு. ஆனாலும், உழைக்கிற மண் தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று நோக்கம் தெரிந்து கொடுத்தார்கள். உங்கள் அப்பாவின் பணத்துக்கு அப்படி ஒரு நோக்கத்தை உங்கள் வீட்டில் யாருமே சொல்லவில்லை. தம்பி ஒரே நாளில் செலவழிக்கப் பார்க்கிறார். நீங்கள் எதற்கென்று சொல்லாமல் பூட்டப் பார்க்கிறீர்கள்.

உங்கள் மனத்தில் இருப்பது என்னவென்று எனக்குப் புரிகிறது. பணம் தீர்ந்த பிறகு அப்பாவுக்கு ஒரு நோய் வந்தால் அந்தச் சுமை, வீட்டில் வைத்துப் பார்க்கிற உங்கள் தலையில்தான் விழும். தம்பி மண்டபத்துப் புகைப்படங்களோடு தன் வீட்டில் இருப்பார். இது நியாயமான அச்சம். அதை அச்சம் என்றே அம்மாவிடமும் தம்பியிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிக்கனம் என்று அதற்குப் பெயர் சூட்டி, 61 வயது மனிதரை ரசத்தில் குழைத்த சோற்றோடு நிறுத்தி வைக்காதீர்கள். மெல்ல முடியாதவர் இறைச்சியையும் காய்களையும் விட்டுவிடுவார், உடம்பு தளரும், நீங்கள் எந்த நோய்ச் செலவுக்கு அஞ்சுகிறீர்களோ அது சீக்கிரமே வந்து சேரும். அரசாங்கப் பல் கிளினிக்கில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் கட்டணம் குறைவு. காத்திருக்க முடியாதென்றால் தனியாரிடம் போகட்டும். இந்த மாதமே அழைத்துப் போங்கள். அந்தச் செலவு அவர் பணத்திலிருந்தே போகட்டும். தன் காசில் தனக்கென்று ஒன்று செய்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

தம்பியின் கல்யாணம் கோயில் மண்டபத்தில் உற்றார் உறவினரோடு நடக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமானால் அவர் தன் சம்பளத்தில் சேர்த்துச் செய்யட்டும். ஓராண்டு தள்ளிப்போனாலும் குற்றமில்லை. காடிக் (கார்) கடன், கடன் அட்டை என்று ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை அமைப்பில் இலவசமாக வழி கேட்கலாம். வட்டிக்குக் கொடுக்கும் ஆலோங்கிடம் மட்டும் போகவிடாதீர்கள். அப்பா தாமாக மனமுவந்து மகனுக்கு ஒரு தொகை கொடுக்க விரும்பினால், அது எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும். அப்போது குறுக்கே நிற்க உங்களுக்கும் உரிமை கிடையாது.

60 வயதைக் கடந்தவர் சேமநிதிப் பணத்தை முழுதாகவும் எடுக்கலாம், வேண்டியபோது கொஞ்சமாகவும் எடுக்கலாம், மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வரும்படியும் செய்துகொள்ளலாம். எடுக்காமல் விடும் பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ஈப்போவில் உள்ள சேமநிதி அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்று, அதிகாரி சொல்வதை அவர் காதாலேயே கேட்கவிடுங்கள். அங்கேயே வாரிசு நியமனம் செய்திருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். நியமனம் இல்லாமல் போன குடும்பங்கள் பிறகு பணத்துக்காக அலைந்து படும் பாடு பெரிது. பாரத்தில் யார் பெயரை எழுதுவது என்று அவர் யோசிக்கும் நேரத்தில் நீங்களும் தம்பியும் வெளியே உட்கார்ந்திருங்கள்.