ஆம்பை மாற்றுமுன் பஞ்சுக் குச்சியை எடுங்கள்

கேள்வி: அப்பா ஆசையாகச் சேர்த்த கசெட்டுகள் கல்லடி வீட்டில் இருக்கின்றன. ஊரில் ஆடிய வடமோடிக் கூத்துகளையும் அவரே பதிந்து வைத்தார். இப்போது போட்டால் தலையணைக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கிறது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பழசாம், ஜப்பான் செட் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதே ஆம்பில் போனை மாட்டிப் பாட்டுக் கேளுங்கள். தெளிவாக இருந்தால் கோளாறு கசெட் டெக்கில்தான்.

கசெட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். மத்தளச் சத்தம் அதில் தாராளமாகப் பதியும். சல்லரி என்ற கைத்தாளத்தின் கிணுகிணுப்போ மிக நெருக்கமாகப் பதிந்திருக்கும். நாடா உரசிச் செல்லும் உலோகத் துண்டான ஹெட்டில் மெல்லிய அழுக்குப் படிந்தாலே முதலில் சாவது அதுதான். பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

ஒரு கசெட் மட்டும் மங்கினால் அது வேறு கதை. நாடாவின் பின்னால், கசெட்டின் நடுவில், சின்னத் தகட்டில் ஒட்டிய பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்தால் விழுந்துவிடும். விழுந்திருந்தால் நாடா பழுதென்று எறியாதீர்கள். திருகாணி போட்ட நல்ல கூடு ஒன்றைத் திறந்து, நாடாவை அப்படியே அதற்குள் மாற்றலாம். திருகாணி இல்லாத கூடென்றால் மெதுவாகப் பிளக்க வேண்டும். அவசரக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.

ஜப்பான் செட் அங்குள்ள 100 வோல்ட்டுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான். டிரான்ஸ்போமர் தனிச் செலவு என்பதை விற்கிறவர் சொல்லமாட்டார்.

அதைவிட எனக்குப் பயம், 'பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன்' என்பவர்கள். சினிமாப் பாட்டென்றால் உங்கள் கசெட்டைத் தொடாமலே இணையத்தில் இறக்கித் தருவார்கள். கூத்தை இணையத்தில் எங்கே தேடுவது? ஏனோதானோவென்று சத்தத்தைச் சுருக்கி 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிவிட்டு, 'இனி இது எதற்கு' என்று கசெட்டை வீசச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து ஏற்றுவியுங்கள், சுருக்காத வேவ் கோப்பாகத் தரச் சொல்லுங்கள், கசெட்டைத் திருப்பி வாங்குங்கள். இந்த வேலையைச் செய்ய ஊருக்கு ஒரு பொது இடம் இருந்திருக்க வேண்டும். கூத்துக்கு விழா எடுத்து மாலை போட மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த கசெட்டை இப்போதைக்கு டெக்கில் போடவே வேண்டாம், மற்றவற்றுக்கும் தொற்றும். அப்புறம், கூத்துக் கசெட்டுகளின் முதுகில், அதாவது நாடா தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில், இரண்டு ஓரத்திலும் உள்ள பிளாஸ்டிக் துண்டுகளை இன்றைக்கே உடைத்துவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் தெரியாமல் ரெக்கோட் பட்டனை அமத்தினாலும் அழியாது.