எண்ணுவதற்கு ஓர் ஆள்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். சென்ற சனிக்கிழமை அல்கொன்குயின் பூங்காவின் காட்டுப் பாதை ஒன்றில் தனியே நடந்தேன். முழங்கால் வரை பனி. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. திருவெம்பாவைக்காக விடியுமுன் கோணேசர் கோயிலுக்கு ஏறிய நாட்களில்கூட இப்படியோர் அமைதியை உணர்ந்ததில்லை. திரும்பும்போது பனி கொட்டிப் பாதை மறைந்துவிட்டது. போனும் குளிரில் அணைந்துபோனது. இருட்டிய பிறகுதான் கார் நின்ற இடத்தை அடைந்தேன். போவதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது. நம்மவர்கள் எங்கே போனாலும் கூட்டமாகவே போகிறார்கள். தனிமையின் ருசி நமக்கு ஏன் பிடிபடவில்லை? இந்த நடையைக் கட்டுரையாக்கி இணைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் பொறாமைதான் வந்தது. இங்கே திருகோணமலை உப்புவெளியில் தை மழை இன்னும் விட்டபாடில்லை. வாசலைத் தாண்டாமல் கிடக்கிறவளுக்கு, முழங்கால் பனியில் நடக்கிறவன் மேல் பொறாமை வராதா? பிறகு ‘யாரிடமும் சொல்லவில்லை’ என்ற இடத்துக்கு வந்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த அமைதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். புதிதாக விழுந்த பனியின் துகள்களுக்கு இடையில் காற்று நிறைந்திருக்கும். அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். பனி இறுகியதும் அந்த அமைதியும் குறைந்துவிடும். கோணேசரை இதற்குள் இழுக்காதே.

அல்கொன்குயின் 7,500 சதுர கிலோமீற்றருக்கும் பெரிய காடு. நம் மாவட்டத்தை இரண்டு முறை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஜனவரியில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்று தெரிந்தும், பருத்தி ஜீன்ஸோடு பிற்பகலில் இறங்கியிருக்கிறாய். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைக் காக்காது என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஜீன்ஸ் விறைத்துப் பலகைபோல் நின்றதைக் கட்டுரையில் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்!

உடுப்பு போகட்டும். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் புத்தி தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், விரல்கள் சொன்னபடி கேட்காது. ஆனால் ஆளுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். இன்னும் குளிர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொள்வார்கள். சாகும் தறுவாயில், வெக்கையாக இருக்கிறது என்று உடுப்பைக் கழற்றியவர்களும் உண்டு. ஆபத்தை அளக்க வேண்டிய கருவியே பழுதாகிவிடுகிறது, தம்பி. அதனால்தான் இன்னொருவருடைய புத்தி காட்டுக்கு வெளியே, சூடான அறையில், மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

நம்மவர்கள் கூட்டமாகப் போகிறார்கள் என்கிறாய். கல்யாண வீட்டு வான் பயணத்தை வைத்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். காட்டை வைத்துச் சொல்லாதே. சிறுமியாக இருந்தபோது அம்மம்மாவோடு கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனேன். உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமண, பிறகு கும்புக்கன் ஆறு, அதற்கப்பால் யால காடு. வேல் தாங்கி முன்னால் நடந்த பெரியவர், காலையில் புறப்படுமுன் ஆளுக்கொரு கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொள்வார். மாலையில் தங்குமிடத்தில் ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும். தலைக்கு ஒரு கல்லாக மணலில் போடுவார். ஒரு மாலை மடியில் ஒரு கல் மிஞ்சியது. கீழே கிடந்தவற்றை அவர் மறுபடி எண்ணவில்லை. உடனே நாலு பேர் டோர்ச்சோடு, ‘அரோகரா’ என்று கத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். எங்கள் கூட்டத்துக் கிழவி ஒருத்தி பாலைமரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டு பின்தங்கியிருந்தாள். கரடிக்கும் அதே பழத்தில்தான் பிரியம். கூட்டி வந்தபோது பெரியவர் திட்டவில்லை. மிஞ்சிய கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தார். “அங்கே நல்ல அமைதியாக இருந்தது சாமி” என்றாள் அவள்.

அந்த யாத்திரையில்தான் தனிமை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி, பேச்சில்லாமல், மணிக்கணக்காக நடை. என்னை எண்ண ஒருவர் இருந்ததால் என்னைப் பற்றி நான் நினைக்கவே தேவையிருக்கவில்லை. நீ பாதை தெரியாமல் திணறிய நேரத்தில் தனிமையையா ருசித்தாய்? பயந்து செத்திருக்கிறாய். உன் கட்டுரையே அதைச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன மாதம் எங்கள் தெருவில் ஓர் அம்மா குளியலறையில் விழுந்து இரவு முழுவதும் கிடந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். கேற்றில் தொங்கவிட்ட பால் போத்தல் அப்படியே இருந்ததைக் கண்டு, பால்காரப் பையன்தான் மதிலேறிக் குதித்தான். அன்றிலிருந்து யார் யாரை எண்ணுகிறார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா இங்கே யாரோடு இருக்கிறார்?

தனியாகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். போ. புறப்படுமுன் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிடு: எந்தப் பாதை, கார் எங்கே, எப்போது திரும்புவாய், எத்தனை மணி தாண்டினால் 911ஐ அழைக்க வேண்டும். போனை உடம்போடு ஒட்டி, உள்ளே வைத்துக்கொள். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாதே. உப்புவெளியிலிருந்து நான் யாரை அழைப்பது? பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு.

கட்டுரையைப் பற்றிக் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். பனியை வெண்பட்டு என்று வர்ணித்த பத்தியையும் கடைசியில் வரும் தத்துவத்தையும் வெட்டிவிடு. ஜீன்ஸ் விறைத்த இடம் நன்றாக வந்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.