சுவிட்ச் உங்களுடையது, லைசன்ஸ் யாருடையது?

ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பொறுப்பாளர் எழுதியிருக்கிறார். இயந்திரங்களை இயக்கும் வலையமைப்பை அவர்கள் இணையத்தோடு இணைப்பதில்லை. அதில் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நான்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகளுக்கும் கொழும்பு விநியோகத்தர்தான் லைசன்ஸை முன்பதிவு முறையில், அதாவது இணையம் இல்லாமலே ஒரு குறியீட்டால் ஒதுக்கி வைக்கும் முறையில், ஏற்றிக் கொடுத்தார். மின்னலில் ஒன்று எரிந்துபோக, பாவித்த சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். பழைய லைசன்ஸை அதற்கு மாற்றக் கேட்டால், நிலுவை 6 லட்சம் ரூபாவைக் கட்டினால்தான் என்கிறார் விநியோகத்தர். தொலைபேசியில் அவமானமாகவும் பேசினாராம்; அவர் அனுப்பிய தொழில்நுட்பவியலாளரும் தாமதமாக வந்தாராம். வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

அவமானப் பேச்சையும் தாமதமாக வந்த தொழில்நுட்பவியலாளரையும் விட்டுவிடுங்கள்; அவை உங்களுக்கு உதவாது. அந்த நான்கு லைசன்ஸும் எந்த ஸ்மார்ட் அக்கவுண்டில், அதாவது லைசன்ஸுகளைப் பதிந்து வைக்கும் எந்த சிஸ்கோ கணக்கில், இருக்கின்றன? உங்கள் கம்பனியின் பெயரிலா, விநியோகத்தரின் பெயரிலா? வழக்கு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவருடைய கணக்கில் இருந்தால் உங்களுக்கு இருப்பது ஒப்பந்தப்படியான கோரிக்கை மட்டும். நம் ஒப்பந்தச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது. தன் பங்கை நிறைவேற்றாதவர் மற்றவரின் பங்கைக் கேட்க முடியாது என்பது அதில் பழைய தற்காப்பு. 6 லட்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நீங்கள் நீதிமன்றம் போனால், அவருடைய சட்டத்தரணி முதலில் எடுப்பது அதைத்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால், நிலுவையைக் கேட்டு வழக்கிட அவருக்கு 6 ஆண்டுகள் இருக்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பாவித்த சுவிட்ச். முன்பதிவின் அங்கீகாரக் குறியீடு எரிந்த சுவிட்சின் தொடர் இலக்கத்தோடு கட்டப்பட்டது. வேறு பெட்டியில் ஏறாது. ஆனால் சுவிட்சை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் 17.3.2 பதிப்பு முதல் இந்தச் சுவிட்சுகள் லைசன்ஸ் இல்லாவிட்டாலும் நிற்பதில்லை. பாவனையை மட்டும் பதிந்துகொண்டே இருக்கும். "ஓடுதுதானே, பிறகு பார்ப்போம்" என்று கட்சிக்காரர்கள் விழுவது இங்கேதான். இரண்டாம் கையில் வாங்கும் பெட்டியோடு மென்பொருள் உரிமமும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளரின் கொள்கை பொதுவாக அதை ஏற்பதில்லை.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 178 ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை மீறிய கணினி நிரல் என்று அறிந்தோ, அறியக் காரணம் இருந்தோ அதை வேண்டுமென்றே வியாபார இலாபத்துக்குப் பயன்படுத்தினால், நீதவான் நீதிமன்றத்தில் 5 லட்சம் ரூபா வரை தண்டப்பணம், 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். இதில் கனமான சொல் "அறிந்து". இன்றுவரை தெரியாது என்று சொல்ல இடமுண்டு. விநியோகத்தர் எழுத்தில் அறிவித்த மறுநாளிலிருந்து அந்த இடம் இல்லை. "லைசன்ஸ் இல்லாமல்தான் ஓட்டுகிறோம், முடிந்ததைச் செய்" என்று வட்ஸ்அப்பில் கோபமாக ஒரு வரி போட்டிருந்தால், அறிந்ததற்கான சாட்சியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

எரிந்த சுவிட்சை இரும்புக்காரருக்குப் போட வேண்டாம். உயிருள்ள சுவிட்ச் என்றால் திருப்பிக் கொடுக்கும் குறியீட்டை அதிலேயே எடுத்து லைசன்ஸை விடுவிக்கலாம். செத்தது அதைத் தராது. உற்பத்தியாளரின் லைசன்ஸ் பிரிவில் முறையிட்டுத்தான் விடுவிக்க வேண்டும்; கணக்கு அவருடையதென்றால் அந்த முறையீடும் அவர் பக்கத்திலிருந்தே போக வேண்டும். தொடர் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து, பெட்டியையும் பூட்டி வையுங்கள்.

என் ஆலோசனை சமரசம். உங்கள் கம்பனியின் பெயரில், கம்பனி மின்னஞ்சலில், ஸ்மார்ட் அக்கவுண்ட் ஒன்றைத் திறவுங்கள். எழுத்து உடன்படிக்கையில் நிலுவையை இரண்டாகப் பிரியுங்கள்: நான்கு லைசன்ஸும் உங்கள் கணக்கில் தெரிந்ததும் 3 லட்சம், மாற்றுச் சுவிட்சுக்கு லைசன்ஸ் ஒதுக்கப்பட்டதும் 3 லட்சம். முன்பதிவில் இருப்பதை விடுவித்த பிறகே கணக்கு மாற்ற வேண்டும் என்பதால், வேலை செய்யும் மூன்றுக்கும் திருப்பும் குறியீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, திரையில் வந்ததும் கோப்பாகச் சேமியுங்கள். அது தொலைந்தால் எரிந்த சுவிட்சுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேரும். அடிப்படை வசதிகளுக்கான காலவரையற்ற நெட்வொர்க் லைசன்ஸையும் கூடுதல் வசதிகளுக்கான தவணையுள்ள டிஎன்ஏ லைசன்ஸையும் உடன்படிக்கையில் தனித்தனி வரியாக எழுதுங்கள், முடிவுத் திகதியோடு.

விநியோகத்தரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் ஏற்கனவே வந்திருந்தால், நீங்களே பதில் போட வேண்டாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அதுவரை அந்தப் பாவித்த சுவிட்சைக் கழற்றி வையுங்கள்.