தீக்கு நடுவே எடுக்கும் முடிவு

கேள்வி: மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆய்வகத்தில்தானே சோதிப்பார்கள்? வேலை நடக்கும் இடத்துக்கே போய் ஆராய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், 1980-களிலேயே செய்தார்கள். அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைனும் அவர் குழுவினரும் தீயணைப்புத் தலைவர்களிடம் பேசப் போனபோது, இவர்கள் குறைந்தது இரண்டு வழிகளையாவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலும் அப்படி நடக்கவே இல்லை. நிலைமையைப் பார்த்ததும் பழகிய வகை எதுவென்று பிடிபடுகிறது, அதற்கான வழி தோன்றுகிறது, அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சரி என்றால் இறங்கிவிடுகிறார்கள்.

ஒரு தலைவர் சொன்னது இது. சமையலறைத் தீ, தண்ணீரை அடித்தும் அடங்கவில்லை, கூடம் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது, ஆனால் சத்தம் மட்டும் குறைவு. ஏதோ சரியில்லை என்று எல்லோரையும் வெளியே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் தரை இடிந்து விழுந்தது, உண்மையான தீ கீழே நிலவறையில் இருந்திருக்கிறது! அவரோ தனக்கு ஏதோ அபூர்வ சக்தி என்றே நம்பியிருந்தார்.

உண்மையில் அது அனுபவம் தந்த, ஆனால் அவருக்கே சொல்லத் தெரியாத அறிவு. இதை வெளிக்கொண்டுவர ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்: அப்போது என்ன கண்ணில் பட்டது, என்ன எதிர்பார்த்தீர்கள், புதியவர் எங்கே தவறியிருப்பார்? ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால், அப்புறம் யோசித்த காரணம்தான் வரும்.

ஆனால் எல்லா உள்ளுணர்வையும் நம்பிவிடாதீர்கள். சூழலில் ஒரு ஒழுங்கு இருந்து, செய்த தவறும் உடனுக்குடன் தெரிய வந்தால்தான் அது தேறும் என்று 2009-இல் க்ளைனும் இன்னொரு உளவியலாளரான டேனியல் கானமனும் சேர்ந்தே எழுதினார்கள்.