கேளுங்கள் சொல்கிறோம்: லாங்டாங் நடைக்குப் போக முன்னர்

கேள்வி: நாங்கள் நாலு பேர் ஒக்டோபரில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். லீவு 11 நாள். முகவர் தந்த திட்டத்தில் நடை ஆறு நாள்: முதல் நாள் லாமா ஹோட்டல், அடுத்த நாள் லாங்டாங் கிராமம், மூன்றாம் நாள் கியாஞ்சின் கொம்பா, நாலாம் நாள் செர்கோ ரி உச்சி, பிறகு இரண்டு நாளில் இறக்கம். காணுமா?
வாசகர், கொக்குவில்

பதில்: காலுக்குக் காணும், நுரையீரலுக்குக் காணாது. எத்தனை கிலோமீற்றர் என்பதை விடுங்கள். எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நடை தொடங்கும் சியாப்ருபேசி ஏறத்தாழ 1,500 மீற்றர். லாமா ஹோட்டல் 2,470 (பெயர்தான் ஹோட்டல், காட்டுக்குள் நாலைந்து விடுதிகள்). லாங்டாங் 3,430, கியாஞ்சின் 3,870. உங்கள் முகவர் இரண்டாம் நாளில் 960 மீற்றர் ஏறிப் படுக்கச் சொல்கிறார். 3,000 மீற்றரைத் தாண்டினால் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்கவும் வேண்டும்.

ஆகவே லாமா ஹோட்டலுக்கும் லாங்டாங்குக்கும் இடையில் 3,000 மீற்றரளவில் உள்ள கோடா தபேலாவில் ஓர் இரவு நில்லுங்கள். கியாஞ்சினில் குறைந்தது இரண்டு இரவு. நடுப்பகலில் ஊருக்கு மேலே உள்ள கியாஞ்சின் ரி மலையின் கீழ்முனை வரை ஏறி, இறங்கி வந்து படுத்தால் உடம்பு பழகும். விமானம், பஸ் எல்லாம் சேர்த்து இதற்கே 11 நாளும் போய்விடும். 4,984 மீற்றர் செர்கோ ரியும் வேண்டுமென்றால், மண்சரிவில் பாதை அடைபட்டால் கைகொடுக்க ஒரு நாளையும் சேர்த்து 13 நாள் எடுங்கள். லீவு கிடைக்காவிட்டால் உச்சியைக் கைவிடுங்கள், கோடா தபேலாவைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு மேடுகூட இல்லை. எங்கே பயிற்சி எடுப்பது? நுவரெலியாவில் நாலு நாள் நின்றால் உயரம் பழகுமா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: பழகாது. பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். உயர நோய், அதாவது மேலே ஒட்சிசன் குறைவதால் வரும் தொல்லை, பெரும்பாலும் தொடங்குவதே அந்த உயரத்துக்கு மேலேதான். இலங்கை மலைகள் காலுக்குப் பயிற்சி, அவ்வளவே.

மாடிப்படி உள்ள ஒரு கட்டடம் போதும். பத்து வாரத்துக்கு முன் தொடங்குங்கள். கிழமைக்கு மூன்று நாள், முதுகுப்பையில் 4 கிலோ அரிசியோடு 30 நிமிடம். இரண்டு கிழமைக்கு ஒரு கிலோவாகக் கூட்டி 8 கிலோவில் நிறுத்துங்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் நல்லது, ஆனால் கவனம் இறக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி மெதுவாகக் காலை இறக்குங்கள். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்கும். அதற்குப் பழகாத கால்தான் கடைசி இரண்டு நாளில் முழங்கால் நோவோடு நிற்கும். கடைசி மாதத்தில் ஒருக்கா சிவனொளிபாதமலை ஏறி இறங்குங்கள், நேபாளத்துக்குப் போடப்போகும் சப்பாத்தோடேயே. புதுச் சப்பாத்தோடு காத்மண்டுவில் இறங்குகிறவர்களுக்கு லாமா ஹோட்டலுக்கு முன்னமே குதிக்கால் கொப்பளித்துவிடும். பண்ணைப் பாலத்தில் காலை நடையும் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

கேள்வி: தலையிடி வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு ஏறலாமா? டயமொக்ஸ் நோயை மறைக்கும் என்கிறார்களே?
வாசகர், மானிப்பாய்

பதில்: பனடோல் போடலாம், ஏறக்கூடாது. தலையிடியோடு பசியின்மை, ஓங்காளம், தலைச்சுற்று, அளவுக்கு மீறிய களைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயர நோய்தான். அதே உயரத்தில் நில்லுங்கள். மாறினால் மறுநாள் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும்.

டயமொக்ஸ், அதாவது அசெற்றசோலமைட், நோயை மறைப்பதில்லை. மூச்சைக் கூட்டி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவாக்கும். தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி விறுவிறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரக வருத்தக்காரர் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

இரண்டு அறிகுறிக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று, சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்குவது. மற்றது, நேர்கோட்டில் குதிக்காலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்க்கிறது. இரவானாலும் ரோச் லைற்றோடு, துணையோடு, குறைந்தது 300 மீற்றர், இயன்றால் 1,000 மீற்றர் இறக்குங்கள். தனியே அனுப்ப வேண்டாம். ஹெலிகொப்டர் மீட்பையும் 5,000 மீற்றர் உயரத்தையும் உள்ளடக்குகிறதா என்று காப்புறுதிப் பத்திரத்தில் வரிவரியாகப் பாருங்கள். பல பத்திரங்கள் அதற்கு மிகக் கீழேயே நின்றுவிடும்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? எதைக் கட்டிக்கொண்டு போகலாம்?
வாசகி, நல்லூர்

பதில்: தாராளமாக. சோறும் பருப்புமான தால் பாத் எல்லா விடுதியிலும் உண்டு, பெரும்பாலும் திரும்பவும் போடுவார்கள். மேலே இறைச்சி பல நாள் சுமந்து வந்ததாக இருக்கும். அசைவக்காரரும் சில நாள் சைவமாக இருப்பது வயிற்றுக்கு நல்லது. பையில் பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை, புழுக்கொடியல், ஆளுக்கு ஐந்தாறு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) பைக்கற்று. பனங்கட்டி கொண்டுபோனால் காற்றுப் புகாமல் கட்டுங்கள்.

கியாஞ்சினில் தண்ணீர் ஏறத்தாழ 87 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி கொல்ல அது போதும், ஆனால் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஆற்று நீருக்குக் குளோரின் குளிசை போட்டால் 30 நிமிடம் என்று பெட்டியில் இருக்கும். ஐஸ் போன்ற குளிர் நீருக்கு அதைவிட நேரம் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58, சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். கூட்டிப்போகலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: சீனி கட்டுப்பாட்டில் இருந்து, இதயம், கண், சிறுநீரகம் மூன்றையும் பார்த்த வைத்தியர் சம்மதித்தால் போகலாம். இன்சுலின் உறைந்தால் பழுது, பிறகு உருகினாலும் பாவிக்கக்கூடாது. பகலில் சட்டைக்குள், இரவில் ஸ்லீப்பிங் பாக்குக்குள் வையுங்கள். சீனி பார்க்கும் மெஷின் குளிரிலும் உயரத்திலும் பிழையான எண் காட்டலாம். அதையும் உடம்புச் சூட்டில் வைத்திருந்து, காட்டும் எண்ணோடு அவரின் முகத்தையும் பாருங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் சீனி குறைவாகவும் இருக்கலாம், உயர நோயாகவும் இருக்கலாம். முதலில் குளுக்கோஸ் கொடுங்கள், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இறக்குங்கள். இரண்டு செற் மருந்து, இரண்டு பேரின் பையில்.