மொராக்கோவில் குளிர்கால விருந்துகளில் என்ன இனிப்பு, என்ன பானம் கொடுப்பார்கள்? நம் வீட்டில் செய்ய முடிந்தது ஏதாவது உண்டா?

புதினா டீ, எண்ணெயில் பொரித்துத் தேனில் முக்கியெடுக்கும் ஷபாக்கியா என்ற பலகாரம். யாரைக் கேட்டாலும் இந்த இரண்டைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் ஷபாக்கியா பெரும்பாலும் நோன்பு திறக்கும்போது ஹரீரா சூப்போடு வைப்பது. ரமலான் எந்தப் பருவத்தில் வருகிறதோ அந்தப் பருவத்துப் பண்டம் அது. புதினா டீயோ வருடம் முழுக்க ஓடும். நீங்கள் குளிர்காலம் என்று குறிப்பாகக் கேட்டதால், அந்த மாதங்களில் நான் சாப்பிட்டதை மட்டும் எழுதுகிறேன். உரத் தொழிற்சாலை வேலைக்காக எல் ஜதீதா என்ற கடலோர ஊரில் மூன்று குளிர்காலம் இருந்தேன்.

ஆப்பிரிக்காதானே, என்ன பெரிய குளிர் என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போய் இறங்கியவன் நான். ஜனவரி இரவில் மராகேஷில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். பல வீடுகளில் ஹீட்டர் கிடையாது, தரையெல்லாம் ஓடு, வெளியே நிற்பதைவிட வீட்டுக்குள் உட்கார்ந்தால்தான் அதிகம் நடுங்கும். அதனால் நம் ஊர்ப் பாட்டிகள் மாதிரி அங்கேயும் எதை எடுத்தாலும் ‘இது சூடு, அது குளிர்ச்சி’ என்று பேச்சு நடக்கும். புதினா குளிர்ச்சி. ஷீபா சூடு.

இந்த ஷீபாதான் குளிர்கால டீயின் ரகசியம். வெளிர் சாம்பல் நிறத்தில் இலை, மூக்கைத் துளைக்கும் மணம், நல்ல கசப்பு. நம் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய சொந்தக்காரச் செடி. புதினா சரியாக வராத குளிர் மாதங்களில் இதை ஒரு சிறு கொத்து டீயில் போடுவார்கள். சிறு கொத்துதான், கூடினால் குடிக்க முடியாது, அதிகமாகச் சேர்ப்பது உடம்புக்கும் நல்லதில்லை, கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. டீ என்றதும் நம் ஊர்த் தூளை நினைக்காதீர்கள், அது மிளகு மாதிரி உருண்ட சீனப் பச்சைத் தேயிலை. 1850-களில் கிரிமியப் போரால் சந்தை இழந்த ஆங்கிலேய வியாபாரிகள் தேயிலையை டான்ஜியர், எஸ்ஸவீரா துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க இந்தப் பழக்கம் பரவியது. சர்க்கரை இரண்டு கிலோ கூம்பாக வரும். சின்னச் சுத்தியலால் உடைத்துப் போடுவார்கள். கல்யாணமோ துக்கமோ, அந்தக் கூம்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான் மரியாதை. ‘எனக்குச் சர்க்கரை வேண்டாம்’ என்று முதல் வாரம் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். ஷீபாவின் கசப்புக்கு அவ்வளவு சர்க்கரை தேவைதான் என்பது நாக்குக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது.

சரி, விருந்து. மொராக்கோவில் குளிர்காலத்துக்கே உரிய பெரிய நாள் யன்னாயர், அதாவது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான அமாஸிக் (பெர்பர்) மக்களின் புத்தாண்டு. அங்கே ஜனவரி 14. அரசு விடுமுறையாக அறிவித்தது 2023-ல்தான், 2024 முதல் நடைமுறை. முந்தின நாள் இரவுச் சாப்பாடுதான் முக்கியம். 2025 ஜனவரி 13, ஊரில் எல்லோரும் போகி கொளுத்திக்கொண்டிருந்த நாள், உடன் வேலை பார்த்த நண்பர் அகாதிர் பக்கம் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப்போனார். அமாஸிக் கணக்கில் 2975 பிறக்கிறது.

நடுவில் ஒரு பெரிய மண் தட்டில் தகுலா வந்தது. பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அது களி. பார்லி நொய்யைக் கிண்டிக் கிண்டி இறுக்கி, நடுவில் குழி பறித்து, குழி நிறைய ஆர்கன் எண்ணெய், அந்தப் பக்கத்து ஆர்கன் மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. பக்கத்தில் தேன், வெண்ணெய், அப்புறம் அம்லூ. அம்லூ என்பது வறுத்த பாதாமை ஆர்கன் எண்ணெயும் தேனும் விட்டு விழுதாக அரைத்தது. எல்லோரும் ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து, குழியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நாலாவது வாயில் எனக்குக் கல் மாதிரி ஏதோ கடிபட்டது. பேரீச்சங்கொட்டை. சமைத்த அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று யாருக்கும் தெரியாமல் டிஷ்யூவில் துப்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தட்டு காலியாகக் காலியாக வீட்டில் ஒரு பரபரப்பு. பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் திறந்து பார்க்கிறார்கள், அந்த அம்மா அடியைச் சுரண்டித் தேடுகிறார். அப்போதுதான் நண்பர் விளக்கினார்: கொட்டையை வேண்டுமென்றே உள்ளே ஒளித்துவைப்பார்களாம். கிடைத்தவருக்கு அந்த வருடம் முழுக்க யோகம். அந்தக் காலத்தில் தானியக் களஞ்சியத்தின் சாவியையே அவரிடம் கொடுப்பார்களாம். சட்டைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினேன். அதற்குப் பிறகு ஷீபா டீ கொதித்து வரும்வரை யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

டீயோடு கஅப் எல் கஸால், கிரீபா எல்லாம் தட்டில் வந்தன. முன்னது பாதாம் விழுதும் ஆரஞ்சுப்பூ நீரும் வைத்த பிறைச்சந்திரன், பின்னது வாயில் போட்டால் உதிரும் வெடித்த பிஸ்கட். நல்ல பண்டங்கள்தான், ஆனால் எந்தக் கல்யாணத்திலும் கிடைக்கும். காலைக் குளிருக்கு ஸ்ஃபென்ஜ். மெதுவடை மாதிரி ஓட்டை போட்டுப் பொரித்த மைதா வளையம். கடைக்காரர் ஓலை நாரில் கோத்துத் தருவார், பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். மொராக்கோ யூதர்களுக்கு டிசம்பரை ஒட்டி வரும் ஹனுக்காவிலும் இதுதான் பலகாரம்.

வீட்டில் செய்ய எதுவென்றால், முதல் ஓட்டு செல்லூவுக்கு. நம் பொரிவிளங்காய் உருண்டைக்கு அண்ணன். பிரசவமான பெண்களுக்கும் இதைத்தான் கொடுப்பார்கள். மைதா அரை கிலோவைப் பழுப்பாகும்வரை வறுங்கள். பாதியில் இறக்கினால் பச்சை வாடை போகாது. வறுத்த எள் கால் கிலோ, எண்ணெயில் பொரித்த பாதாம் கால் கிலோ, இரண்டையும் பொடித்துச் சேருங்கள். பட்டைத்தூள், பெருஞ்சீரகத்தூள் (அவர்கள் போடுவது அதன் தங்கையான அனிஸ்), ஒரு சிட்டிகை உப்பு. உருக்கிய நெய்யும் தேனும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். பிசைந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம். டப்பாவில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.

அம்லூவை மட்டும் முயலாதீர்கள். இங்கே கிடைக்கும் ஆர்கன் எண்ணெய் பெரும்பாலும் தலைக்குத் தேய்ப்பது. சமையலுக்கான எண்ணெய் கொட்டையின் பருப்பை வறுத்து எடுப்பது, மணமே வேறு.

பானத்துக்கு குதெஞ்சால். மராகேஷில் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தில் இரவானால் பெரிய செப்புப் பாத்திரங்களில் ஆவி பறக்க விற்பார்கள். கூடவே ஒரு கரண்டி கரிய மசாலா கேக், உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மடக்கு குடித்ததும் எனக்கு அம்மாவின் சளிக் கஷாயம் ஞாபகம் வந்தது. சும்மா வரவில்லை, குதெஞ்சால் என்றாலே சித்தரத்தைதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி விரல் நீளத் துண்டைத் தட்டிப்போட்டு, பட்டை, இரண்டு கிராம்பு, ஏலக்காய், துண்டு இஞ்சியோடு அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சர்க்கரையை மட்டும் அவர்கள் அளவில் போடுங்கள், இல்லையென்றால் அது மறுபடியும் கஷாயமாகிவிடும்.